நாற்பதாயிரம் தங்கப் பட்டைகள்

கையில் காசு இல்லாத நாளில்தான் செவ்வாய் அக்காவுக்குச் சிரிப்பு வரும்.

சாதாரணச் சிரிப்பு இல்லை. தோள் குலுங்கும், கண்ணில் நீர் முட்டும், பக்கத்தில் யார் இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். மகளுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். அம்மா சமையலறையில் தனியாகச் சிரித்தால் மாதக் கடைசி என்று அர்த்தம். அப்பாவும் மகளும் அன்றைக்குப் புதுச் செருப்பு, சினிமா போன்ற பேச்சை எடுக்க மாட்டார்கள்.

அவள் இறந்து ஆறு வாரம் ஆகிறது. இருந்திருந்தால் இந்தக் கதையைக் கையில் வாங்கியதும் முதலில் எண்களைத்தான் சரிபார்த்திருப்பாள். ஆகவே எண்கள் சரியாக இருக்கின்றன.

ஒரு மாத்திரைக் கம்பெனியின் பணத்தை முப்பத்தொரு வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்த நடுத்தரக் கம்பெனி. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, காய்ச்சலுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு இருமல் மருந்து. இன்னொரு கம்பெனியில் பில் அடித்துக்கொண்டிருந்தவளை, கம்பெனி தொடங்கும் முன்பே முதலாளி கூட்டிக்கொண்டு வந்தார். கட்டடம் எழும்புவதற்கு முன்னால் கடன் எழும்பிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. சரக்கு கொடுத்தவர், அச்சகக்காரர், லாரிக்காரர் என்று யார் வந்து பணம் கேட்டாலும் அவள் சொல்லும் பதில் ஒன்றே: "செவ்வாய்க்கிழமை." கேட்டவுடன் கொடுத்ததில்லை. சொன்ன செவ்வாயில் கொடுக்காமல் விட்டதும் இல்லை. சம்பளமும் மாதத்தின் கடைசிச் செவ்வாய்தான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளில்கூட "செவ்வாய் அக்கா குடும்பத்தார்" என்றுதான் எழுதியிருக்கும்.

அவள் மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. கம்பெனியின் காசு இன்றைக்கு எங்கெங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தினமும் காலையில் அதில் எழுதுவாள். "கப்பலில்" என்று ஒரு வரி. மாத்திரைக்கான பவுடர் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதற்குக் காசு ஏற்றுவதற்கு முன்பே போய்விடும், பவுடர் ஆறு வாரம் கழித்து நிதானமாக வந்து சேரும். "மஞ்சள் கயிற்றில்" என்று ஒரு வரி. மாத்திரை அடித்து முடித்தாலும் பரிசோதனைக்கூடத்தில் கையெழுத்தாகும்வரை அது மஞ்சள் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கும். "ஆஸ்பத்திரியில்" என்ற வரி எப்போதும் கொழுகொழுவென்று இருக்கும். தொண்ணூறு நாளில் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நூற்று நாற்பதாவது நாள் போன் எடுப்பவர்கள் அவர்கள். தேதி முடிந்து கடைகளிலிருந்து திரும்பி வரும் மருந்துக்கு "செத்தது" என்று பெயர். அதை எரிப்பதற்கும் கம்பெனிதான் காசு கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கீழே, மூலையில், சின்ன எழுத்தில்: "கையில்".

புதிதாகச் சேர்ந்த கணக்கர் ஒருவர் ஒருநாள் கேட்டுவிட்டார். "மேடம், போன வருஷம் இவ்வளவு லாபம்னு போட்டிருக்கோமே, அப்புறம் ஏன் காசு இல்ல?"

"லாபத்தை நீங்க எப்பவாவது நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"நானும் பார்த்ததில்ல. காசைப் பார்த்திருக்கேன். வந்துட்டு உடனே போயிடும்."

கம்பெனியின் இருபத்தைந்தாம் வருஷம் வந்தது. விற்பனைத் தலைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவரை எல்லோரும் பலூன் என்றுதான் சொல்வார்கள். ஆள் குண்டு இல்லை, ஆனால் எந்தச் செய்தியைக் கேட்டாலும் ஊதிப் பெரிதாகி மேலே போய்விடுவார். ஊரின் மிகப் பெரிய ஆஸ்பத்திரியிடமிருந்து அவர் அந்த மாதம் ரத்த அழுத்த மாத்திரைக்கு நாற்பதாயிரம் பெட்டி ஆர்டர் பிடித்திருந்தார். கம்பெனி வரலாற்றிலேயே பெரிய ஆர்டர். பிடித்ததோடு நிற்கவில்லை. வெள்ளை நீலப் பெட்டியின் குறுக்கே "25" என்று ஒரு தங்கப் பட்டை போடலாம் என்று யோசனை சொன்னார்.

பெட்டியில் ஒரு புள்ளியை மாற்றுவதென்றாலும் அந்தக் கம்பெனியில் ஒரு படிவம் எல்லா மேசைகளுக்கும் போய் வரவேண்டும். போனது. "மாற்றம்: அலங்காரம் மட்டும்" என்று பலூன் எழுதியிருந்தார். உற்பத்தியில் கையெழுத்துப் போட்டார்கள். தரப்பிரிவின் தலைவி அப்போது நீண்ட விடுப்பில் இருந்தாள். அவளுடைய உதவியாளர் "அலங்காரம்" என்று படித்துவிட்டுப் போட்டார். கடைசியாகச் செவ்வாய் அக்காவிடம் வந்தது. அவள் ஒரு கட்டத்தை மட்டும் பார்த்தாள். "கூடுதல் செலவு: இல்லை. தங்க மை அச்சகத்தாரின் அன்பளிப்பு." பேனா தானாகவே எழுதிவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் செலவில்லாத ஒன்றை அவள் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனில் விழா. காகிதத் தொப்பி, கேக், ஒலிபெருக்கி. நாற்பதாயிரம் பெட்டியும் காலையிலேயே லாரியில் கிளம்பிவிட்டன. செவ்வாய் அக்கா பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள். மகள் வெளியூரில் தண்ணீர்ப் பம்புகள் வடிவமைக்கும் இன்ஜினியர். வார விடுமுறைக்கு வந்தவளைக் கேக் தருகிறார்கள் என்று சொல்லி இழுத்து வந்திருந்தாள்.

அக்காவின் மனக்கணக்கு அன்று அழகாக இருந்தது. கையில் இருபத்தொரு லட்சம். ஆஸ்பத்திரி பில் எழுபத்திரண்டு லட்சம். சரக்கைப் பெற்றுக்கொண்டோம் என்று ஆஸ்பத்திரி கையெழுத்துப் போட்டால் போதும், பில்லில் எண்பது சதவீதத்தை வங்கி அன்றைக்கே முன்பணமாகத் தந்துவிடும். ஐம்பத்தேழு லட்சத்து அறுபதாயிரம். வரும் செவ்வாய்க்குச் சம்பளம் அறுபது லட்சம், பவுடர்காரருக்குப் பதினெட்டு. எல்லாம் போக அறுபதாயிரம் மிஞ்சும். அவளைப் பொறுத்தவரை அது ராஜவாழ்க்கை.

முதலாளி மேடையேறினார். எழுபது வயது, நல்ல மனிதர், ஒலிபெருக்கியைப் பிடித்தால் மட்டும் தன்னை மறந்துவிடுவார்.

"இந்த இருபத்தஞ்சு வருஷம் உங்களாலதான்! அதனால வர்ற செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் சம்பளத்தோட அரை மாசச் சம்பளம் போனஸ்!"

கூரை அதிர்ந்தது. யாரோ யாரையோ தூக்கினார்கள். பலூன் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினார். செவ்வாய் அக்கா வாயில் கேக்கோடு அப்படியே இருந்தாள். தோள் மெல்லக் குலுங்க ஆரம்பித்தது.

"அம்மா, ஐயோ, சிரிக்காதே," என்றாள் மகள். "எவ்வளவு இல்ல?"

"முப்பது லட்சம்," என்று சொல்லிவிட்டு அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியின் ஸ்டோர்ஸ் அதிகாரி. சிரித்தோ சத்தம் போட்டோ யாரும் பார்த்திராத மனிதர்.

"உங்க லாரியைத் திருப்பி அனுப்பிட்டேன்மா."

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

"என்கிட்ட இருக்கிற மாதிரிப் பெட்டியில தங்கக் கோடு இல்ல. வந்ததுல இருக்கு. பதிவான பெட்டி வேற, வந்த பெட்டி வேற. போலி மருந்து இப்படித்தான் வரும். அங்க என்ன சத்தம்?"

"விழா சார்."

"நல்லது. திங்கட்கிழமை நாலு மணியோட இந்த மாசத்துக்கு வாங்குறதை மூடுறேன். அதுக்குள்ள சரியான பெட்டியில வந்தா எடுத்துக்கறேன்."

அக்கா போனை வைத்தாள். இப்போது மகள் மட்டுமல்ல, முன்வரிசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். தொப்பி கேக்கில் விழுந்தது.

ஐந்து நிமிடத்தில் முதலாளி அறையில் கூட்டம். கேன்டீனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முதலில் வங்கி மேலாளரைப் போனில் பிடித்தாள்.

"சார், மூணு நாளைக்கு ஒரு நாப்பது லட்சம் கூடுதலா எடுத்துக்கட்டுமா? கிடங்குல சரக்கு இருக்கு."

"என்ன சரக்கு மேடம்?"

"திரும்பி வந்த சரக்கு."

"திரும்பி வந்த சரக்கு மேல நான் கடன் கொடுத்தா என் வேலை திரும்பி வராது மேடம். ஆஸ்பத்திரி கையெழுத்தைக் கொண்டு வாங்க, அரை மணியில போடறேன்."

நாற்காலியில் சரிந்திருந்த பலூன் காற்று இறங்கி, பாதி ஆளாகத் தெரிந்தார். "அக்கா, தங்கக் கோடு மேல வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிடலாமே?"

கதவைத் திறந்துகொண்டு தரப்பிரிவின் தலைவி வந்தாள். பூதக்கண்ணாடி என்று பெயர். விடுப்பிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தாள். அவளும் அக்காவும் இருபது வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள்.

"ஸ்டிக்கரா? ஒட்டுங்க. அப்படியே என் வாயிலயும் ஒண்ணு ஒட்டிட்டு, போலி மருந்து பண்றோம்னு வாசல்ல போர்டும் மாட்டிடுங்க. எவன்யா அலங்காரம்னு எழுதினது?" பலூன் கையைத் தூக்கவில்லை. "நீயுமாடி கையெழுத்துப் போட்டே?"

"இலவசம்னு போட்டிருந்ததுடி," என்றாள் அக்கா.

"இலவசம்! நாளைக்கு எலி மருந்து இலவசம்னு போட்டா அதுக்கும் போடுவே."

"எலி மருந்துக்குக் கிடங்குல தேவை இருக்கு," என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி ஆரம்பித்துவிட்டாள். இந்த முறை பூதக்கண்ணாடிக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஏம்மா, நாம முழுகிட்டோமா?"

"இன்னும் இல்ல சார்," என்று கண்ணைத் துடைத்தாள் அக்கா. "மருந்து நல்லா இருக்கு, வாங்கறவர் இருக்காரு, விலை சரி. பெட்டி மட்டும்தான் தப்பு."

வாசலில் நின்ற மகள் சொன்னாள்: "தொட்டி நிறைய தண்ணி, வால்வு மூடியிருக்கு. அவ்வளவுதானே?"

"அந்த வால்வு நாலு மணிக்குப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடும்டி."

ஒரு வழி இருந்தது, பூதக்கண்ணாடி சொன்னாள். பழைய வெள்ளை நீல அட்டைப் பெட்டிகள் நாற்பத்தாறாயிரம் பேக்கிங் கிடங்கில் இருக்கின்றன. தங்கப் பெட்டியைக் கையால் பிரித்து, உள்ளே இருக்கும் பத்து அட்டை மாத்திரையையும் மருந்துக் குறிப்புத் தாளையும் கலைக்காமல் எடுத்து, பழைய பெட்டியில் போட்டு, தொகுதி எண்ணும் தேதியும் அச்சடித்து ஒட்ட வேண்டும். அவள் கண் முன்னால் செய்ய வேண்டும். கழித்த பெட்டி, போட்ட பெட்டி, கிழிந்த பெட்டி எல்லாம் கடைசி ஒன்றுவரை கணக்கில் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் கையெழுத்துப் போட மாட்டாள்.

"தோழின்னு பார்ப்பியா?" என்றாள் அக்கா.

"பார்க்க மாட்டேன்."

"நல்லது. நீ பார்த்தா எனக்குப் பயமா இருக்கும்."

சனியும் ஞாயிறும் மட்டும்தான் இருந்தன. விடுமுறை நாளில் பேக்கிங் ஆட்கள் வந்தால் இரட்டைக் கூலி. அதற்கும் கையில் காசு இல்லை. அக்கா நேராகப் பேக்கிங் கூடத்துக்குப் போனாள். முப்பது பெண்கள் இன்னும் காகிதத் தொப்பியோடு இருந்தார்கள். போனஸ் சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது. கம்பெனியின் பணக் கஷ்டத்தை அவள் அதுவரை ஒரு தொழிலாளியிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆட்கள் வேறு வேலை தேடுவார்கள், செய்தி பவுடர்காரர் காதுக்குப் போகும், அவர் பழைய பாக்கியை உடனே கேட்பார், பிறகு எல்லோரும் ஒரே நாளில் கேட்பார்கள். காசு இல்லாததைவிட, காசு இல்லை என்ற பேச்சு வேகமாகக் கம்பெனியைச் சாய்க்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சொன்னாள். லாரி திரும்பியது, செவ்வாய்க்கிழமை சம்பளத்துக்கு முப்பத்தொன்பது லட்சம் குறைவது, திங்கள் நாலு மணி, எல்லாம்.

பேக்கிங் சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னே வந்தாள். கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவள், யார் வாய்க்கும் பயந்தவள் இல்லை.

"அப்போ எங்க சம்பளத்துக்கு நாங்களே வந்து பெட்டி பிரிக்கணும்?"

"ஆமா."

"தங்கப் பட்டைன்னு யோசிச்சவரு?"

"அவரும் வந்து பிரிப்பாரு. முதலாளியும். நானும்."

"இரட்டைக் கூலி?"

"உண்டு. இந்தச் செவ்வாய் இல்ல. அடுத்த செவ்வாய்."

சூப்பர்வைசர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பினாள். "தேதி சொல்லிட்டாங்கடி. காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க."

தாழ்வாரத்தில் முதலாளி காத்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார். "ஏம்மா, அந்த அரை மாசம்... மேடையில சொல்லிட்டேனே. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல."

"கொடுப்போம் சார். நாலா பிரிச்சு, அடுத்த மாசத்துலேர்ந்து மாசா மாசம்."

"வர்ற செவ்வாய்னு சொன்னேனே."

"செவ்வாய்னா அது என் பேரு சார். என்னை மீறி உங்களால அதுல கை வைக்க முடியாது. காலைல நீங்களே மைக்ல சொல்லிடுங்க."

சனிக்கிழமை காலை அவர் சொன்னார். திட்டு வாங்கினார். ஆனால் பேக்கிங் பெண்களும் அலுவலகத்தாருமாக வந்திருந்த அறுபது பேரில் அவர் மட்டும் தலையுறையைத் தலைகீழாகப் போட்டிருந்ததால் திட்டு சிரிப்பில் முடிந்தது.

அந்த இரண்டு பகலையும் அந்தக் கம்பெனியில் இருந்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். பூதக்கண்ணாடி ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தாள்: கை கழுவும் விதம், மோதிரம் கூடாது, இருமக் கூடாது, பெட்டியைக் கிழிக்காமல் எந்த மடிப்பில் விரல் விட வேண்டும். எல்லோரும் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டதும் யார் முதலாளி, யார் கணக்கர் என்று தெரியவில்லை. பேக்கிங் பெண்களுக்கு அதுதான் திருவிழா.

"ஏய் அஞ்சாம் நம்பர், விரல்ல எலும்பு இருக்கா?" என்று சூப்பர்வைசர் அதட்டினாள். அஞ்சாம் நம்பர் முதலாளி.

"பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் ஒரே பெட்டி. விற்பனைக்காரரே, பேசிப் பேசித் திறக்கலாம்னு பார்க்கறீங்களா?"

"மடிப்பு வரமாட்டேங்குதும்மா," என்றார் பலூன்.

"தங்கமா இழைச்சிருக்கீங்கல்ல, அதான் பிரிய மனசு வரல."

மகள் ஒரு மணி நேரம் சும்மா பார்த்தாள். பிறகு, பிரிப்பவர்களை ஒரு பக்கமும் போடுபவர்களை எதிரிலும் உட்கார வைத்தாள். நடுவில் தட்டுகள் ஒரே திசையில் போகும்படி மேசைகளைத் திருப்பினாள். மணிக்கு இரண்டாயிரம் பெட்டி போய்க்கொண்டிருந்தது மூவாயிரத்து இருநூறு ஆனது. பலகையில் எண்ணை எழுதினாள். அக்கா அந்த எண்ணைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், சூப்பர்வைசரிடம் சொன்னாள்: "என் பொண்ணு. தண்ணிக்குப் படிச்சது." அதைச் சொன்னபோது அவள் முகம் இருந்த விதத்தை மகளால் இப்போதும் வரைந்து காட்ட முடியும்.

பிரித்த தங்கப் பெட்டிகள், பிறகு தூளாக்குவதற்காக, ஒரு கூண்டில் மலையாகக் குவிந்தன. சனி மாலை ஐந்து மணிக்கு இருபத்து நாலாயிரம். ஞாயிறு மதியம் இரண்டுக்கு முடிந்தது. கைதட்டினார்கள். பலூன் மறுபடி ஊத ஆரம்பித்தார்.

பூதக்கண்ணாடி எண்ணினாள். கூண்டில் இருந்த தங்கப் பெட்டிகளை எடை போட்டு எண்ணினாள், புதிய பெட்டிகளைக் கட்டுக் கட்டாக எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது."

"ஒண்ணுதானே," என்று சொன்னவர் பலூன்.

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தானாகவே தரையில் மண்டியிட்டு மேசைக்கு அடியில் தேடத் தொடங்கினார். பிறகு எல்லோரும். அறுபது பேர் வெள்ளை அங்கியில் தரையில் தவழ்ந்தார்கள். அங்கிப் பைகளைத் திருப்பினார்கள். முதலாளி லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சூப்பர்வைசர் தன் ஆட்களை வரிசையில் நிற்க வைத்து, "எடுத்தவ யாராயிருந்தாலும் இப்பவே சொல்லிடு, நான் திட்ட மாட்டேன், கொன்னுடுவேன்," என்றாள்.

அக்கா ஒரு கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்து யோசித்தாள். லாரி எங்கெல்லாம் நின்றது? இங்கே ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. தங்கக் கோடு இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? திறந்து பார்த்ததால்.

ஸ்டோர்ஸ் அதிகாரியின் வீட்டுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. தூக்கத்திலிருந்து எழுந்த குரல்.

"சார், மன்னிச்சுக்கோங்க. எங்க பெட்டி ஒண்ணு உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. ஆதாரம். ஃபைல்ல வச்சுத் தைச்சிருக்கேன்."

"திருப்பித் தர முடியுமா சார்?"

"ஆதாரத்தைத் திருப்பித் தந்தா அது எப்படிம்மா ஆதாரம்?"

அக்கா போனின் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இருபது விநாடி. பிறகு, "சார், அப்போ ஒரு பெட்டி என்கிட்ட இருக்குன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்து அனுப்புவீங்களா?"

"அது நியாயமான கேள்வி," என்றார் அவர். பத்து நிமிடத்தில் வந்தது. தொகுதி எண், தேதி, நேரம், முழுக் கையெழுத்து, அலுவலக முத்திரை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முத்திரை வைத்திருக்கிற மனிதர் அவர்.

பூதக்கண்ணாடி அதை மூன்று முறை படித்தாள். "இந்த ஆள் யாருடி? எனக்குக் கல்யாணம் ஆகாம இருந்திருந்தா..." என்று சொல்லிக்கொண்டே விடுவிப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை அக்கா லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு போனாள். பாலத்தில் ஒன்றரை மணி நேரம் நெரிசல். போய்ச் சேரும்போது மணி மூன்று ஐந்து. அதிகாரி மாதிரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மேலிருந்து ஒரு கட்டு, நடுவிலிருந்து ஒரு கட்டு, அடியிலிருந்து ஒரு கட்டு என்று இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டியை எடுத்து மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று முப்பத்தெட்டு.

"பில்லுல நாப்பதாயிரம்னு இருக்கு," என்றார். "வந்தது ஒண்ணு குறைவு."

"அந்த ஒண்ணு உங்க ஃபைல்ல இருக்கு சார்."

"அது வாங்கினது இல்ல. பிடிச்சது."

அக்காவின் தோள் லேசாக அசைந்தது. அடக்கிக்கொண்டாள். கைப்பையிலிருந்து வெற்று பில் புத்தகத்தை எடுத்தாள். லாரியின் முன்பலகை மேல் வைத்து, முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பெட்டிக்குப் புதிய பில்லைக் கையால் எழுதினாள். பெட்டி நூற்று எண்பது வீதம். பெருக்கலை வாயால் முணுமுணுத்தாள், தப்பவில்லை. மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவர் கையெழுத்துப் போட்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? கோடு எங்களுக்கு அழகா இருந்துச்சு. உங்களுக்கு?"

அவர் யோசித்தார். "அழகாத்தான் இருந்தது," என்றார். "அதனாலதான் சந்தேகம் வந்தது."

திரும்பி வரும்போது பாலம் முழுக்க அவள் சிரித்துக்கொண்டே வந்தாள் என்று ஓட்டுநர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். வங்கி மேலாளர் வாக்குத் தவறவில்லை. நாலே முக்காலுக்குக் கணக்கில் பணம் ஏறியது. அவள் அறைக்குப் போய்ப் பலகையில் "கையில்" என்ற வரியை அழித்துவிட்டு, செவ்வாய்க்குப் பிறகு நிற்கப்போகும் எண்ணை எழுதினாள். 59,856. அதிகாரியின் ஃபைலில் தைக்கப்பட்ட பெட்டிக்காக வங்கி நூற்று நாற்பத்து நாலு குறைத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குச் சம்பளப் பட்டியலை அனுப்பினாள். அனுப்பிவிட்டு உட்கார முடியவில்லை. மாடியிலிருந்து இறங்கி, முற்றத்தைக் கடந்து, பேக்கிங் கூடத்தின் முன் அறைக்குப் போனாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. எல்லோரும் அந்த அறையில் உள்ள இரும்புப் பெட்டகங்களில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். நாற்பது சின்னக் கதவுகள், சாம்பல் நிறம். அறையில் ஒருவரும் இல்லை. அவள் காலுறை மாட்டும் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஒன்பது நாற்பத்தேழு. ஒன்றும் இல்லை. ஐம்பத்தொன்று. வெளியே லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. கணக்கு எண்ணில் ஏதாவது தவறியிருக்குமோ என்று பட்டியலை மனதுக்குள் மறுபடி ஓட்டினாள்.

மூன்றாம் வரிசையில் ஒரு கதவு ரீங்கரித்தது. பிறகு அதன் கீழே ஒன்று. பிறகு நான்கைந்து ஒன்றாக. ஒரு போன் பாடியது, ஒன்று மணியடித்தது, ஒன்றில் குழந்தை ஒன்று "அம்மா, மெசேஜ்!" என்று கத்தியது. இரும்பு அதிர்ந்து, பூட்டுகள் குதித்து, வரிசை முழுவதும் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. செவ்வாய் அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். காசு வந்த நாளில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

உள்கதவு திறந்தது. தலையுறையோடு சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, பூகம்பமா?"

பதில் சொல்ல அவளுக்கு மூச்சு வர வேண்டியிருந்தது.

"இல்லடி," என்றாள். "சம்பளம்."